கம்பியில் குறைந்த வெள்ளி எங்கே போனது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சேலம் பனங்காடு பக்கம் இருக்கிறோம். என் மாமனார் நாற்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். வயது 63, எடை 60 கிலோ, சர்க்கரை உண்டு. ஏழு மாதத்துக்கு முன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் சொன்னபடி சுத்த வெள்ளிக் கம்பி இரண்டை மூன்று 9 வோல்ட் பேட்டரியில் மாட்டி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு டம்ளரில் ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரைக் காலையும் இரவும் 60 மில்லி குடிக்கிறார். 'கூழ்ம வெள்ளி' என்று பெயராம். இரண்டு மாதமாக, சீக்கிரம் இறங்கட்டும் என்று ஒரு சிட்டிகை உப்பும் போடுகிறார். லேசர் அடித்தால் கோடு தெரிகிறது, அதனால் நல்ல சரக்கு என்கிறார். காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. இதுவே ஆற்றிவிடும் என்று நம்புகிறார். மாமியார் தைராய்டு மாத்திரையை இந்தத் தண்ணீரில்தான் விழுங்குகிறார். நாலு மாதத்துக்கு முன் என் நான்கு வயதுப் பையனுக்குச் சளி பிடித்தபோது ஐந்து நாள், தினம் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டார். கேட்டால், "நம்ம முன்னோர் வெள்ளி டம்ளரில் குடிக்கலையா? இந்த ஊருக்கே வெள்ளிதானே சோறு போடுது?" என்கிறார். இது ஆபத்தா? அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது வெள்ளித் தண்ணீர் அல்ல, மாமனாரின் காலில் இருக்கும் புண். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். புண் வலிக்காது. வலி இல்லாததால் சின்னது என்று தோன்றும், உள்ளே அது எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். இந்த வாரமே அவரை அழைத்துப் போய்க் காலின் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் பார்க்கச் செய்யுங்கள். சர்க்கரை மாத்திரையைக் குறைத்திருக்கிறாரா என்றும் மெதுவாகக் கேளுங்கள். குடிக்கிற வெள்ளி அந்தப் புண்ணுக்குப் போய்ச் சேர்ந்து வேலை செய்யாது. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வெள்ளித் தண்ணீரை மூன்று பேரும் இன்றே நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டிய பொருள் அல்ல அது.

நான் தோல் மருத்துவர். சேலத்தில் தோல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு வெள்ளியோடு தனிப் பழக்கம் வந்துவிடும். பட்டறைக்காரர்கள் விரல் நுனியில் நீலமும் சாம்பலும் கலந்த சின்னப் புள்ளியோடு வருவார்கள். மச்சமா, புற்றுநோயா என்று பயந்திருப்பார்கள். கம்பி இழுக்கும்போதோ அரம் போடும்போதோ கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலும்பு தோலுக்குள் ஏறி, அங்கேயே தங்கி நிறம் மாறியிருக்கும். கெடுதல் இல்லை. ஆனால் போகவும் போகாது. இருபது வருடத்துக்கு முன் குத்திய சிலும்பின் புள்ளி இன்றும் அப்படியே இருக்கும். உங்கள் மாமனாரின் இடது கை விரல்களைப் பாருங்கள். நாற்பது வருடப் பட்டறைக் கையில் அப்படி ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால், உங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்று அவர் சொல்வது பொய் இல்லை. 1880-களில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார். தீக்காயத்துக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பை நாங்களே பல வருடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெள்ளி சேர்த்த கட்டுத்துணி இருக்கிறது. தண்ணீர் வடிகட்டிகளிலும் வெள்ளி சேர்க்கிறார்கள். இங்கெல்லாம் வெள்ளி வெளியே நின்று வேலை செய்கிறது. களிம்பு புண்ணின் மேல் இருக்கிறது, வடிகட்டி தண்ணீர்க் குடத்தில் இருக்கிறது. குடித்தால் கதை வேறு.

சரி, அந்த டம்ளரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பனிக்காலத்தில் ஏற்காடு ஏறியிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் மேலே போகப் போக மூடுபனி இறங்கிவிடும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் ஒரு கோலைப் போலக் காற்றில் நீண்டு தெரியும். தெளிந்த காற்றில் அப்படித் தெரியாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிப்பதால்தான் அந்தக் கோல் கண்ணுக்குப் படுகிறது. இதை டிண்டால் விளைவு என்போம். கரையவும் கரையாமல், அடியில் படியவும் படியாமல் ஒன்றினுள் இன்னொன்று மிதந்துகொண்டிருக்கும் நிலைக்குக் கூழ்மம் என்று பெயர். பால் ஒரு கூழ்மம்தான். மாமனாரின் லேசர் கோடும் அதே மூடுபனிக் கோடுதான். உள்ளே ஏதோ துகள் மிதக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். என்ன துகள், எவ்வளவு, குடிக்கலாமா என்பதைச் சொல்லாது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு லேசர் அடித்தாலும் கோடு விழும். அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

கூழ்ம வெள்ளியில் ஒரு துகளின் குறுக்களவு சில நானோமீட்டரிலிருந்து நூறு நானோமீட்டர் வரை இருக்கும். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து நானோமீட்டர் துகள் ஒன்றில் ஏறக்குறைய 30,000 வெள்ளி அணுக்கள் அடங்கும். தண்ணீரைவிடப் பத்து மடங்கு அடர்த்தியான வெள்ளி ஏன் அடியில் படியவில்லை? துகள் அவ்வளவு சின்னதாக இருப்பதால், தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்து அதை அலைக்கழித்தபடியே இருக்கின்றன. அதோடு ஒவ்வொரு துகளின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, சேர்ந்து கட்டியாவதில்லை.

நிறத்துக்கு வருவோம். சில நாள் தண்ணீர் தெளிவாக இருக்கும், சில நாள் மஞ்சளாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். பளபளக்கும் வெள்ளி தண்ணீரில் மஞ்சளாவது பார்க்கவே அழகான விஷயம். இவ்வளவு சின்னத் துகளின் மேல் வெளிச்சம் படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஏற்ற வெளிச்சம் 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஊதா. அதைத் துகள் எடுத்துக்கொள்ள, மிச்ச வெளிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. துகள் பெருத்தாலோ ஒட்டிக்கொண்டாலோ மஞ்சள் போய்ப் பழுப்பும் சாம்பலும் வரும். முக்கோணத் தகடாக வளர்ந்தால் நீலம்கூட வரும். தெளிவாக இருக்கும் நாளில் துகள் குறைவு, வெள்ளி அயனியே அதிகம். அயனி என்றால் ஒரு எலக்ட்ரானை இழந்து தண்ணீரில் கரைந்து நிற்கும் வெள்ளி அணு. பேட்டரியும் கம்பியும் வைத்துச் செய்வதில் பெரும்பகுதி இந்த அயனிதான்.

விற்பவர்களில் சிலர் "அயனி கெட்டது, துகள் நல்லது" என்பார்கள். வேறு சிலர் அதையே திருப்பிச் சொல்வார்கள். உடம்புக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதல் தராது. துகளின் மேற்பரப்பிலிருந்து காற்றும் அமிலமும் பட்டு அயனி வெளியேறிக்கொண்டே இருக்கும். அயனி வெளிச்சம் பட்டால் மறுபடி துகளாகும். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டிருக்கும் ஒரே வெள்ளி.

இங்கே முன்னோரின் வெள்ளி டம்ளருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் வெள்ளியை ஒரே உருண்டையாக்கினால் அதன் மேற்பரப்பு சுமார் 1 சதுர சென்டிமீட்டர். விரல் நகம் அளவு. அதே ஒரு கிராமைப் பத்து நானோமீட்டர் துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு சுமார் 57 சதுர மீட்டர். அதாவது அறுநூறு சதுர அடிக்கு மேல், ஒரு சின்ன வீட்டின் தரை முழுக்க. வேதி வேலை எல்லாம் மேற்பரப்பில் நடப்பது. டம்ளரிலிருந்து தண்ணீருக்கு இறங்குவது சொல்லத்தக்க அளவே இல்லாத வெள்ளி. அதில் குடிக்கலாம், கொலுசு போடலாம், குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் புகட்டலாம், சங்கைச் சுத்தமாகக் கழுவினால் போதும். கட்டி வெள்ளியை நம்பியது போலவே தூளாகிய வெள்ளியையும் நம்புவதுதான் தவறு.

இப்போது கணக்கு. உங்கள் மாமனாருக்கு நன்றாகப் புரியக்கூடிய இடம் இதுதான். செவ்வாய்ப்பேட்டைக் கடையிலிருந்து வெள்ளி வாங்கும்போது எடை, கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது எடை. நடுவில் குறைந்ததற்குச் சேதாரக் கணக்கு சொல்லியாக வேண்டும். பட்டறை கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்துவைத்து வெள்ளி பிரித்தெடுப்பார்கள். அப்படிப்பட்டவர் ஏழு மாதமாக ஒரு கம்பியிலிருந்து குறையும் வெள்ளிக்குக் கணக்கு கேட்கவில்லை.

மின்சாரம் எவ்வளவு வெள்ளியைக் கரைக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு ஆம்பியர் என்பதையே, ஒரு நொடியில் 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்சாரம் என்றுதான் வரையறுத்து வைத்திருந்தார்கள். அதன்படி ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கம்பியிலிருந்து இறங்கும். டம்ளர் கால் லிட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 16 மில்லிகிராம் ஆகிறது. வீடியோக்காரர்கள் சொல்லும் பிபிஎம் என்பது இந்த லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கேதான். நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி இருக்கக் கூடாது என்கிறது. அதைப்போல் 160 மடங்கு.

உப்பு போட்டால் நிலைமை இன்னும் மோசம். சுத்தத் தண்ணீரில் மின்சாரம் ஓடவே தயங்கும். ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் தயக்கமில்லாமல் ஓடும். பத்து மடங்கு மின்சாரம் ஓடினால் பத்து மடங்கு வெள்ளி இறங்கும். "சீக்கிரம் இறங்கட்டும்" என்று அவர் சொன்னது சரிதான், இறங்கியதெல்லாம் அவர் வயிற்றுக்குள் போனது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகித் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். ஜன்னலோரம் வைத்தால் அதுவே சாம்பல் நிறமாகும்.

உப்பு இல்லாத ஐந்து மாதத்துக்கு ஒரு மில்லி ஆம்பியர், உப்பு போட்ட இரண்டு மாதத்துக்குப் பத்து மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டேன். தினம் 120 மில்லி குடித்ததில் ஏழு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் வெள்ளி உள்ளே போயிருக்கும். உண்மை எண் கூடலாம், குறையலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தோல் நிறம் மாறுவதையே அளவுகோலாக வைத்து, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு அது 0.3 மில்லிகிராம். ஏழு மாதத்துக்கும் சேர்த்தால் 63 மில்லிகிராம் வரும். ஒன்றரை கிராம் என்பது அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். இன்னொரு பக்கம், வாழ்நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் 10 கிராம் வரை பாதிப்பில்லாமல் தாங்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி தந்த மதிப்பீடு. ஆகவே காலம் கடந்துவிடவில்லை. இதை நான் நம்பிக்கையோடு சொல்கிறேன். ஆனால் இதே வேகத்தில் இன்னும் இரண்டு வருடம் போனால் அப்படிச் சொல்ல முடியாது.

அவர் சுத்த வெள்ளிக் கம்பிதான் பயன்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்று நல்லது. யாராவது இதைப் படித்துவிட்டுப் பட்டறையில் கிடக்கும் கொலுசுக் கம்பியை எடுத்துவிடக் கூடாது. டச், அதாவது சுத்தம், குறைந்த வெள்ளியில் செம்பு இருக்கும். பற்றவைத்த துண்டாக இருந்தால், பொடியில் காட்மியம் கலந்திருந்தாலும் இருக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் குடிக்கத் தயாரித்தது அல்ல.

உள்ளே போன வெள்ளிக்கு என்ன ஆகிறது? இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வெள்ளி அயனி அங்கே போனதும் பெரும்பாலும் வெள்ளி குளோரைடாகிவிடும். பெரும்பகுதி மலத்தோடு வெளியேறும். ஒரு சிறு பங்கு குடல் வழியாக ரத்தத்துக்குப் போகும். கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்து நிறுத்தித்தான் வெள்ளி அயனி கிருமியைக் கொல்கிறது. நம் ரத்தத்தின் புரதங்களிலும் அதே கந்தகம் ஏராளமாக உண்டு. காலிலுள்ள புண்ணுக்குப் போகும் முன்பே அவை வெள்ளியைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணாடித் தட்டில் கிருமி செத்ததை வீடியோவில் காட்டுவார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். அந்தத் தட்டில் ரத்தம் ஓடவில்லை.

கட்டுப்பட்ட வெள்ளி தோலில் வந்து தங்குகிறது, முக்கியமாக வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றி. அங்கே வெளிச்சம் பட்டதும் நுண்துகளாகிக் கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கருக்கிறது. பழைய ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கழுவிய காலம் நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்பு கருக்கும் என்பதை வைத்துத்தான் கறுப்பு வெள்ளைப் படமே பிறந்தது. வீட்டில் கொலுசு கருத்துப்போவதும் வெள்ளி சல்ஃபைடால்தான். கொலுசைப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவலாம், விபூதி வைத்துத் தேய்க்கலாம். தோலுக்குள் இருப்பதைத் தேய்த்து எடுக்க வழி இல்லை.

இந்த நிலைக்கு ஆர்ஜிரியா என்று பெயர். முகம், கழுத்து, புறங்கை என்று வெயில் படும் இடம் எல்லாம் நீலச் சாம்பல் நிறமாகும். அதற்கு முன்பே ஈறுகள் சாம்பலாகும், நகத்தின் அடியில் உள்ள வெண்பிறை நீலமாகும், சிலருக்குக் கண்ணின் வெள்ளையிலும் தெரியும். நம் மாநிறத் தோலில் ஆரம்பத்தில் இது வெயிலில் கறுத்தது போலவே தோன்றி ஏமாற்றிவிடும். ஆகவே ஈறையும் நகத்தையும்தான் பார்க்க வேண்டும். உலோகத்தை வெளியேற்றக் கொடுக்கும் மருந்துகள் இதில் பலன் தருவதில்லை. சில வகை லேசர் சிலருக்கு நிறத்தைக் குறைத்திருக்கிறது. வலியும் செலவும் அதிகம். முழு முகத்துக்கும் கழுத்துக்கும் அதைச் செய்துகொள்வது எளிதான காரியம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களே மூக்குக்கும் தொண்டைக்கும் கூழ்ம வெள்ளி எழுதிக் கொடுத்தார்கள். அதனால் நீலமானவர்கள் பலர். 1940-களில் ஆன்டிபயாட்டிக் வந்ததும் வெள்ளி மெல்ல மருந்துப் பெட்டியை விட்டுப் போனது. 1999-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பலன் உள்ளவை என்றோ ஏற்க முடியாது என்று விதி செய்தது. அதே 1999-ல் அங்கே மொன்டானா மாநிலத்தில் ஸ்டேன் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, புத்தாண்டில் கம்ப்யூட்டர் கோளாறு வந்து மருந்து கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து இதையே வீட்டில் செய்து குடிக்கத் தொடங்கினார். 2002-ல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் நீலச் சாம்பலாக இருந்தது. கோவிட் வந்த 2020-லும் இதை மருந்தென்று விற்றவர்களுக்கு அமெரிக்க அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. பயம் வரும்போதெல்லாம் இந்தத் தண்ணீர் திரும்பி வருகிறது. உங்கள் மாமனாரின் பயம் அந்தக் கால் புண் என்று நினைக்கிறேன். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் யாரும் மருத்துவமனையைத் தள்ளிப்போடுவார்கள். அதை வாய்விட்டுப் பேசவிடுங்கள்.

மாமியார் விஷயம். தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் குடலில் சரியாக ஏறுவதை வெள்ளி தடுக்கலாம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சாசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே சிக்கல் உண்டு. நாளையிலிருந்து மாத்திரையை வெறும் வயிற்றில் சாதாரணத் தண்ணீரில் விழுங்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த ஏழு மாதத்தில் அளவு சரியில்லை என்று யாராவது மாத்திரையைக் கூட்டியிருந்தால், பழைய கதையை அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இப்போது மருந்து அதிகமாகிவிடலாம்.

பையனைப் பற்றி நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். உப்பு போடாத நாளில், தினம் ஒரு ஸ்பூன், ஐந்தே நாள். 15 கிலோ எடைக்கு அது தினசரி வரம்பை ஒட்டிய அளவுதான். ஒன்றும் ஆகியிருக்காது, பரிசோதனையும் தேவையில்லை. இனிமேல் கொடுக்க வேண்டாம். இந்தத் தண்ணீரை நெபுலைசரில் ஊற்றி ஆவியாக உள்ளிழுக்க வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு, அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் நேராக உலோகத் தூளை அனுப்புவது அது.

சித்த மருத்துவத்தின் வெள்ளி பற்பத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு முறையில் முடிப்பது. மாமனார் அதையும் சாப்பிட்டு வந்தால் பார்க்கிற மருத்துவரிடம் சொல்லட்டும். உள்ளே போகும் வெள்ளி எங்கிருந்து வந்தாலும் ஒரே கணக்கில் சேரும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "வீடியோ பொய், நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்று தொடங்காதீர்கள். வெள்ளியைப் பற்றி உங்களைவிடவும் என்னைவிடவும் அவருக்கு அதிகம் தெரியும். அந்த அறிவையே கூப்பிடுங்கள். உப்பு போடாமல் கடைசியாக ஒரு டம்ளர் செய்யச் சொல்லுங்கள், குடிக்க அல்ல. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். லேசாகப் பால்போலக் கலங்கும். வயிற்றில் நடப்பது இதுதான். அதை மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டு மத்தியானம் போய்ப் பாருங்கள். வெண்மை போய் ஊதாவும் சாம்பலும் கலந்த நிறம் வந்திருக்கும். பிறகு அவர் விரலில் உள்ள பழைய நீலப் புள்ளியைக் காட்டி, "மாமா, இது எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மேற்கொண்டு நீங்கள் எதுவும் சொல்லத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அவர் கோபப்பட்டால் ஒரு நாள் விட்டுவிடுங்கள், பிறகு உங்கள் கணவரைப் பேசச் சொல்லுங்கள். புண்ணுக்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

புண்ணைப் பார்த்த பிறகு ஒரு தோல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். ஈறு, நகம், கண் மூன்றையும் பார்ப்போம். நிறம் மாறாமல் இருந்தால் மேலே எதுவும் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் ரத்தத்திலும் சிறுநீரிலும் வெள்ளி அளவு பார்க்கலாம், மிகச் சிலருக்கு ஒரு சின்னத் தோல் துண்டை எடுத்துச் சோதிப்போம். அதுவரை வெளியே போகும்போது தொப்பியோ துண்டோ போட்டுக்கொள்ளட்டும்.

வரும்போது அந்தக் கம்பி இரண்டையும் பட்டறைத் தராசில் சேர்த்து எடைபோட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றில் குறைவதில் கொஞ்சம் மற்றதில் படிந்திருக்கும், அதனால் இரண்டும் வேண்டும். முதல் நாள் எடையை அவர் எங்காவது குறித்துவைத்திருந்தால் அந்தச் சீட்டும் இருக்கட்டும். நாற்பது வருடம் பட்டறை நடத்தியவர், குறிக்காமல் இருந்திருக்க மாட்டார்.